படம் வராத பெட்டியில் கேட்ட சிரிப்பு: கொடைக்கானல் டிவி மெக்கானிக் பதில்கள்

போன இதழில், ‘காமெடித் தொடர்களில் உங்களுக்குப் பிடித்த எபிசோடு எது, பிடிக்காதது எது, வீட்டில் எதற்காகச் சண்டை?’ என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கும் பூண்டு மூட்டை மாதிரி கடிதங்கள் வந்துவிட்டன. கைக்கு அகப்பட்டதற்குப் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் 31 வருஷம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். நடுவில் 8 வருஷம் கேபிளும் விட்டேன். விமர்சகர் என்று நினைத்து யாரும் சால்வையோடு வந்துவிட வேண்டாம்.

*

“நானும் என் மச்சானும் ஒரே எபிசோடைப் பார்க்கிறோம். எனக்கு வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு. அவர் மிக்சர் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எபிசோடு நல்லதா இல்லையா என்று பார்க்க ஏதாவது அளவு இருக்கிறதா? இல்லை, அவரவர் ரசனை என்று விட்டுவிடுவதா?” — வத்தலக்குண்டு வாசகர்

ரசனை என்று விட்டுவிட்டால் உங்களுக்குச் சண்டை கிடையாது, எனக்கு இந்தப் பக்கம் கிடையாது. என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. கடையில் கிடைத்ததுதான்.

மலையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் டிவிக்கும் சளி பிடிக்கும். ஈரம் உள்ளே இறங்கி, ஈ.எச்.டி என்கிற உயர் மின்னழுத்தப் பகுதியில் சர்ரென்று பொறி அடிக்கும். சில பெட்டிகளில் பிக்சர் டியூப் போய், படம் சுத்தமாக நின்றுவிடும். குரல் மட்டும் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஏரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து அப்படி ஒரு பெட்டி வந்தது. டியூப் மதுரையிலிருந்து வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதுவரை அதை ரேடியோ மாதிரி ஓட விட்டுக்கொண்டு மற்ற வேலையைப் பார்த்தேன்.

அப்போது ‘ரமணி வெர்சஸ் ரமணி’ ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. எனக்கு அவர்கள் முகம் தெரியாது, வீடு எப்படி இருக்கும் என்று தெரியாது. இரண்டு பேர் சண்டை போடுவது மட்டும் கேட்கிறது. ஆனால் யார் எங்கே குரலை இறக்குகிறார், யார் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறார், ‘சரி’ என்ற சொல்லை யார் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்பதெல்லாம் இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. சால்டரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்ததில் ஈயம் தொடையில் சொட்டியது. பேன்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. தழும்பு இருக்கிறது.

அதே பெட்டியில் இன்னொரு காமெடி நிகழ்ச்சியும் கேட்டேன். அதற்கும் சிரித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாள் டீக்கடையில் அதில் வந்த ஜோக்கைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ரமணி வீட்டுச் சண்டையைச் சொன்னேன். டீ மாஸ்டர் ‘அப்புறம்?’ என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது. முதலாவது துணுக்கு. யார் வாயில் வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டாவது அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் சிரிப்பே இல்லை. காமெடித் தொடர் என்றால் இரண்டாவது வகைதான் என்பது என் கட்சி.

அதனால் மச்சானிடம் சொல்லுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் கேட்கட்டும். ஒரு வசனம் வந்ததும், ‘இதை இந்த ஆள்தான் சொல்வான், வேறு எவனும் சொல்ல மாட்டான்’ என்று தோன்றினால் எபிசோடு தேறியது. மிக்சர் தின்னக் கண் தேவையில்லை.

*

“முதல் ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் பப்லு பிருத்விராஜும் வாசுகியும். அடுத்ததில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். எது உசத்தி? எங்கள் அக்காவும் நானும் இதற்காகவே ஒரு பொங்கல் பேசிக்கொள்ளவில்லை.” — பெருமாள்மலை வாசகி

தாயி, இந்தக் கேள்விக்காக என் கடை வாசலில் ஒரு பூண்டு வியாபாரியும் ஒரு வாத்தியாரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. வியாபாரி முதல் ஜோடி கட்சி, வாத்தியார் இரண்டாவது. இருவருடைய பெட்டியும் என்னிடம் ரிப்பேரில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது கடை இல்லை, சொல்லலாம்.

சிரிப்பு அதிகம் இரண்டாவதில். தேவதர்ஷினி ஒரு வரியை அரை நொடி தாமதமாகச் சொல்வார் பாருங்கள், அந்த அரை நொடியிலேயே பாதி சிரிப்பு வந்துவிடும். ஆனால் சண்டை முதலாவதில்தான் சண்டை மாதிரி இருக்கும். வாசுகி கோபப்பட்டால் நிஜமாகவே இன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் சோறு இல்லை என்று நமக்குத் தோன்றும். எனக்கு அந்தப் பயம் பிடிக்கும். பயம் இல்லாத புருஷன் பெண்டாட்டி காமெடி என்ன காமெடி? ஆகவே முதல் ஜோடிக்கு ஒரு ஓட்டு.

இரண்டையும் இயக்கியவர் நாகா. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. ‘மர்மதேசம்’ எடுத்துத் தமிழ்நாட்டையே போர்வைக்குள் தள்ளியவரும் இதே நாகாதான். பயமுறுத்தத் தெரிந்தவர் கையில் சிரிப்பு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கதவை எப்போது திறப்பது என்பதுதான் இரண்டுக்கும் வேலை. அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள்.

*

“ஆங்கிலத் தொடர்களில் பின்னாலிருந்து ஒரு கூட்டம் சிரிக்கிறதே, எரிச்சலாக வருகிறது. எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?” — ஒட்டன்சத்திரம் வாசகர்

சிரிப்பில் இரண்டு வகை உண்டு, ஐயா. ஒன்று டப்பா சிரிப்பு. 1950களில் அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்று ஒரு சவுண்ட் இன்ஜினியர் ஒரு பெட்டி செய்தார். டைப்ரைட்டர் மாதிரிப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கிளுக்கென்ற சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு. தொடருக்குத் தொடர் அவரே பெட்டியோடு போய் உட்கார்ந்து வாசிப்பாராம், ஆர்மோனியம் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல் பூட்டியே வைத்திருப்பாராம். திருப்பதிக்கு வேண்டிக்கொள்வதாக இருந்தால், அந்தப் பூட்டைத் திறந்து ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

இன்னொன்று நிஜ ஆட்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை எதிரே ஜனங்களை உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள். ஜனம் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி, வசனத்தை மாற்றி, மறுபடி எடுப்பார்கள். நம்ம ஊர் நாடக சபா மாதிரிதான்.

இதிலும் ஒரு கடைக் கதை உண்டு. ஸ்பீக்கர் போன பெட்டி ஒன்றில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ ஓடியது. படம் இருக்கிறது, சத்தம் இல்லை. பார்த்தால் ஆறு பேரும் அடிக்கடி இரண்டு விநாடி சிலையாக நிற்கிறார்கள். ஒருவர் காப்பிக் கோப்பையைப் பார்க்கிறார், ஒருவர் விட்டத்தைப் பார்க்கிறார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பு அடங்கக் காத்திருக்கிறார்கள்! அந்தச் சத்தத்தை நீக்கிவிட்டுப் பார்த்து ‘தொடர் மொக்கை’ என்று தீர்ப்பு சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழம்பில் உப்பை எடுத்துவிட்டுச் சமையல்காரியைத் திட்டுகிற கதை.

ஆனால் உங்கள் எரிச்சலுக்கும் நியாயம் உண்டு. ‘மேஷ்’ என்று ஒரு தொடர், கொரியப் போரில் ராணுவ மருத்துவர்களின் கதை. 1972 முதல் 1983 வரை ஓடியது. (போரே 3 வருஷம்தான். தொடர் 11 வருஷம்.) எடுத்தவர்களுக்கு டப்பா சிரிப்பு வேண்டாம். சேனலுக்கு வேண்டும். கடைசியில் ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கிடையாது என்று முடிவானது. பிரிட்டனில் பிபிசி சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பியது. இரண்டையும் பார்த்தவர்கள் இது வேறு தொடர், அது வேறு தொடர் என்பார்கள். நான் பிபிசி பக்கம்.

*

“பழைய சீரியலெல்லாம் தங்கம், இப்போது வருவதெல்லாம் குப்பை. சரிதானே அண்ணே?” — செம்பட்டி வாசகர்

இல்லை. பழைய குப்பையை யாரும் கேசட்டில் பதிந்து வைக்கவில்லை, அவ்வளவுதான். நான் வைத்திருக்கிறேன். பாதி கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, மீதியைப் பார்த்தால் பூஞ்சை பிடித்ததே தேவலை என்று தோன்றுகிறது.

*

“ஆஃபீஸ் தொடரில் ‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’ எபிசோடுதான் மகா மட்டம் என்கிறாள் என் அறைத்தோழி. அந்த எபிசோடு வந்தால் தாண்டிப் போய்விடுவாள். எனக்கோ அதுதான் உச்சம். யார் சரி?” — பழனி கல்லூரி மாணவி

அமெரிக்க ‘ஆஃபீஸ்’, ஆறாவது சீசன், 2009. பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ஸ்காட் என்ற மேனேஜர் பத்து வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ‘பள்ளிப் படிப்பை முடியுங்கள், எல்லோருக்கும் காலேஜ் பீஸ் நான் கட்டுகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பெரிய பணக்காரனாகிவிடுவோம் என்று நினைப்பு. ஆகவில்லை. பிள்ளைகள் படித்து முடிக்கப் போகிறார்கள். இப்போது போய் ‘காசு இல்லை’ என்று சொல்ல வேண்டும். போனால், அவர்கள் இவருக்காகப் பாட்டும் ஆட்டமும் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஆளுக்கொரு லேப்டாப் பேட்டரி கொடுக்கிறார். லேப்டாப் இல்லை, பேட்டரி.

என் மகள் போனில் போட்டுக் காட்டினாள். நான் மூன்று இடத்தில் நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். வெளியே பனி, குளிர். அது தேவலை என்று இருந்தது. ஆகவே உங்கள் தோழியின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கக் கூசுவது ஒன்று, மட்டமாக எடுப்பது இன்னொன்று. பல்லில் கூச்சம் வந்தால் ஐஸ்கிரீம் சரியில்லை என்றா சொல்வோம்?

என் சோதனையில் அந்த எபிசோடு முதல் வகுப்பில் தேறுகிறது. அந்த வாக்குறுதியை உலகத்தில் மைக்கேல் ஒருவர்தான் கொடுத்திருப்பார். ஏமாற்றுக்காரன் கொடுக்க மாட்டான், நல்லவன் யோசித்திருப்பான். இவர் இரண்டும் இல்லை, எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று ஏங்குகிற ஆள். திரும்பி வரும்போது காரில், கூடப் போன ரிசப்ஷனிஸ்ட் எரின் ஒன்று சொல்வாள்: அந்த வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேர் படிப்பை முடிக்கிறார்கள், மற்ற வகுப்புகளைவிட அது அதிகம், நீங்கள் அப்படி ஒரு வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் சிலர் நின்றிருப்பார்கள். அந்த இடத்தில் அவரைத் திட்டுவதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்திலும் தேர்தலுக்குத் தேர்தல் மேடை ஏறி வாக்குக் கொடுத்தவர்கள் உண்டு. பேட்டரிகூட வந்து சேர்ந்ததில்லை.

தோழியிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளுங்கள். அதே எபிசோடில், அதே ஆஃபீஸில் வேலை பார்க்கும் ஜிம்மை மாட்டிவிட இன்னொரு ஊழியர் ட்வைட் போடும் ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ திட்டம் இருக்கிறதே, அது பலவீனம்தான். ஜிம் அவ்வளவு சுலபமாக மாட்டுகிற ஆளா? ட்வைட் தொல்லையைத்தான் ஆறு சீசனாகப் பார்த்து வருகிறாரே. கதை நகர வேண்டும் என்பதற்காக ஆளை மடையனாக்கிவிட்டார்கள். மொத்தப் பெட்டியையும் குப்பையில் போடுவதற்கு முன், எந்த ஸ்டேஜில் பழுது என்று பாருங்கள் என்பேன். சவுண்ட் பிரமாதம், பவர் சப்ளையில் ஒரு கண்டென்சர் போயிருக்கிறது.

*

“நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற தொடர் ஏன் ஒரு கட்டத்தில் நாசமாகிறது?” — பண்ணைக்காடு வாசகி

அமெரிக்காவில் இதற்கு ஒரு சொலவடையே இருக்கிறது, ‘சுறாவைத் தாண்டிவிட்டது’ என்பார்கள். ‘ஹாப்பி டேஸ்’ தொடரில் தோல் ஜாக்கெட் போட்ட ஃபான்சி என்ற நாயகன், தண்ணீரில் சறுக்கிக்கொண்டே போய் ஒரு சுறாவைத் தாண்டுவான். 1977 செப்டம்பர் 20 அன்று வந்த எபிசோடு. கதை தீர்ந்துபோனதும் இப்படிச் சர்க்கஸ் காட்டுவார்கள் என்று பிற்பாடு கல்லூரி மாணவர்கள் கிண்டலாக ஆரம்பித்தது, பரவிவிட்டது. ஆனால் ரசிகர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தத் தொடர் அதற்கப்புறமும் 1984 வரை ஓடியது. சுறாவைத் தாண்டியும் ஏழு வருஷம்!

நான் சுறாவைக் குறை சொல்ல மாட்டேன். நாசம் அதற்கு முன்பே, சின்னதாக, ஆட்களில் ஆரம்பிக்கிறது. ஒரு கஞ்சன் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவன் ஒரு மனுஷன். அம்மா மேல் பாசம், கிரிக்கெட் பைத்தியம், கூடவே கஞ்சத்தனம். ஐம்பதாவது எபிசோடில் அம்மாவும் கிரிக்கெட்டும் காணாமல் போய், சட்டை போட்ட கஞ்சத்தனம் மட்டும் நடமாடும். வாரம் ஒன்று எழுதுகிறவருக்கே இது நேரும். வாரம் ஐந்து, ஆறு எழுதச் சொன்னால் அவரும் என்னதான் செய்வார்?

எழுத அவகாசம் இருந்தால் எப்படி வரும் என்பதற்கு பிரிட்டனின் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுதான். எழுதியவர்கள் ஜான் க்ளீஸும் கோனி பூத்தும், கணவன் மனைவி. இரண்டாவது ஆறு வருவதற்குள் விவாகரத்து ஆகிவிட்டது, ஆனாலும் சேர்ந்துதான் எழுதினார்கள், சேர்ந்துதான் நடித்தார்கள். கடற்கரை ஊரில் லாட்ஜ் நடத்துகிற, விருந்தாளியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிற முதலாளியின் கதை. க்ளீஸ் ஒரு முறை தங்கிய ஓட்டலின் முதலாளியைப் பார்த்து எழுந்த கற்பனை. எனக்கு அதில் ஒன்றும் கற்பனையாகத் தெரியவில்லை. மே மாதம் கொடைக்கானலில், ‘வெந்நீர் வரவில்லை’ என்று ரிசப்ஷனில் போய் நின்று பாருங்கள்.

*

“மைண்ட் யுவர் லாங்வேஜ் பார்த்திருக்கிறீர்களா? அதில் இந்தியர்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்கிறான் பேரன். நாங்கள் சிரித்துத்தானே வளர்ந்தோம்?” — கொடைக்கானல், நாயுடுபுரம் வாசகர்

அண்ணே, நீங்களும் நானும் ஒரே ஆன்டெனா ஜாதி. நம்ம ஊரில் தூர்தர்ஷன் கோபுரம் வருவதற்கு முன், அலுமினியக் குச்சியைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டு, இலங்கை ரூபவாகினியை இழுத்தோமே. ‘இப்ப வருதா? இப்ப?’ என்று கூரை மேலிருந்து நான் கத்த, கீழேயிருந்து என் அம்மா ‘புள்ளி புள்ளியா வருது’ என்பார். ஆங்கிலக் காமெடி எனக்குப் பழக்கமானது அப்படித்தான். பல நாட்டு ஆட்கள் லண்டனில் ஆங்கிலம் படிக்கிற இந்தத் தொடரும் பின்னால் கைக்கு வந்தது. 1977இல் தொடங்கியது.

உங்கள் பேரன் சொல்வதை நான் தள்ள மாட்டேன். தொடரை எடுத்த டிவி நிறுவனத்தில் இருந்தவர்களே இது மற்ற இனத்தாரைப் புண்படுத்துகிறது என்று 1979இல் நிறுத்தினார்கள். எனக்கு இதில் சங்கடம் என்னவென்றால், என் கண்மூடிச் சோதனையில் இது சுலபமாகத் தேறிவிடும். குரல் கேட்டதும் இந்திய மாணவன் ரஞ்சித் யார், பாகிஸ்தான் மாணவன் அலி யார் என்று குழந்தைகூடச் சொல்லும். அப்படியானால் நல்ல தொடரா? குரல்தான் தனியாக இருக்கிறது, சொல்கிற விஷயம் தனியாக இல்லை. ரஞ்சித் ‘ஆயிரம் மன்னிப்பு’ கேட்காத எபிசோடு உண்டா? அவன் வீட்டில் என்ன சாப்பிடுவான், ஊருக்கு யாருக்குக் கடிதம் எழுதுவான், தெரியுமா உங்களுக்கு? எனக்கும் தெரியாது. சோதனையில் இந்த ஓட்டையை அடைக்க இன்னும் வழி கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன். சிரித்ததற்காக வெட்கப்பட வேண்டாம். பேரனோடு உட்கார்ந்து ஒன்று பாருங்கள்; அவன் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறான் என்று கவனியுங்கள்.

*

“உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில்?” — ஆத்தூர் வாசகி

பேட்டரி மாற்றும்போது என் கையில்.

*

“போன மாதம் ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் ‘சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ எபிசோடைத் தூக்கி வைத்து எழுதினீர்கள். நம்பி உட்கார்ந்தேன். மூன்று பேர் ஓட்டலில் மேசைக்காக நிற்கிறார்கள். முடிந்துவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. என் 23 நிமிஷத்தைத் திருப்பித் தருவீர்களா?” — திண்டுக்கல் வாசகர்

அந்தச் சேனல்காரர்களும் 1991இல் இதையேதான் சொன்னார்கள்: ‘கதை எங்கே?’ சீசனின் கடைசிப் பக்கம் ஒதுக்கித்தான் போட்டார்கள்.

நீங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தீர்கள், அதுதான் கோளாறு. மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை இங்கே வந்து, வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டி நகராமல் நின்று, பசியோடு ஊருக்குள் வந்து ஒரு ஓட்டல் வாசலில் நின்றுவிட்டு அப்புறம் பாருங்கள். ‘அஞ்சே நிமிஷம் சார்’ என்பார் மேனேஜர். நமக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போவார். அதில் கோபம் ஒருவருக்குப் பசியாக வருகிறது, ஒருவருக்கு மரியாதைக் குறைவாக வருகிறது. அந்த மூன்று பேரில் எலைன் பசியில் அடுத்தவர் தட்டிலேயே கை வைக்கப் போகிறாள். ஜார்ஜுக்கு போன் வருகிறது; ஆனால் ‘கோஸ்டான்சா’ என்ற அவன் பெயரை ‘கார்ட்ரைட்’ என்று கூப்பிட்டதால் அவன் எழுந்திருக்கவே இல்லை. பேசுவது மூன்று பேர், இடம் ஒன்று. கண்ணை மூடினால் ஒரு வரிகூடக் கை மாறாது.

இருந்தாலும் உங்களுக்கு ஆள் சேர்த்துத் தருகிறேன். என் வீட்டம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். இருபது நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார், ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. மூன்று பேரும் வெறுத்துப்போய் ஓட்டலைவிட்டு வெளியே போகிற இடத்தில், ‘தோசை ஊத்தப் போறேன்’ என்று எழுந்து போய்விட்டார். அவர் சமையலறைக்குள் நுழைகிறார், இங்கே ஓட்டல்காரர் மூன்றாவது ஆளான ஜெர்ரியின் பெயரை, ‘சைன்ஃபெல்ட்!’ என்று கூப்பிடுகிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன ஆச்சு என்றார் உள்ளேயிருந்து. அவர்கள் போனதும்தான் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

“இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவானேன்? நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல தினம் நடக்குதே” என்றார். தோசை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது.